உயர் அதிர்வெண் ஒலி மட்டும் கேட்காத அம்மாவுக்கு ‘ஃப்ரீக்வென்சி லோயரிங்’ உள்ள காது மிஷின் உதவுமா?

உதவும். ஆனால் எல்லோருக்கும் உதவாது, மாட்டிய அன்றே உதவாது. உங்கள் அம்மாவின் காதை அளந்து, அதற்கேற்ப ஒருவர் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தால்தான் உதவும். அம்மாவுக்கு 58 வயது, கூடுதல் பணம் கேட்கிறார்கள், இது விற்பனைத் தந்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை, கேட்கக்கூடிய கீழ் அதிர்வெண்ணுக்கு இறக்கித் தரும் இந்த வசதி உண்மையானது. அதை அளக்காமலே காதில் மாட்டி அனுப்புகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், இல்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு காதிலும் இதே குறைபாட்டோடு பல வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். ‘ஒருவருடைய அனுபவம் ஆதாரம் ஆகாது’ என்று கீழே யாராவது எழுதுவீர்கள். சரி, ஆகாது. கேட்டவர் அனுபவத்தையும் தெரிந்துகொள்ளத்தானே இங்கே வந்து கேட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பார். கதவு தட்டினால் கேட்கும், ஹாரன் கேட்கும். சொன்னதை மட்டும் மாற்றிப் புரிந்துகொள்வார். ‘காது நல்லாத்தானே கேக்குது, கவனிக்கிறதில்ல’ என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். என் மாமியாரும் சொன்னார், அப்போதைய தலைமையாசிரியையும் சொன்னார். தயவுசெய்து அம்மாவிடம் யாரும் அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது, அது அவருக்குக் கேட்கிறது. அதனால் யாரோ பேசுவது தெரிகிறது. ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகளும், ட், த் போன்றவற்றின் கூர்மையும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. பெண்களும் குழந்தைகளும் சொல்லும் ‘ஸ்’ 8000, 9000 வரைகூடப் போகும். அந்தப் பகுதி போய்விட்டால் சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

எனக்கு இது வந்த கதையைச் சொல்கிறேன். கல்லூரி முடித்த வயதில் காசநோய் வந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மாத்திரையோடு ஊசியும் நீண்ட நாள் போட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின், கானமைசின், அமிகாசின் என்ற அந்தக் குடும்பத்து மருந்துகள் உட்காதில் இருக்கும் மயிர்ச்செல்களைப் பாதிக்கக்கூடியவை. உயர்ந்த ஒலிகளை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும், போனால் திரும்ப முளைக்காது. உயிரைக் காப்பாற்றிய மருந்து, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊசி போட்ட காலத்தில் ஒருவரும் காதைச் சோதிக்கவில்லை என்பதில் வருத்தம் உண்டு. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக்கூட கானமைசினை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டு, வாய்வழி மருந்துகளுக்கு முன்னுரிமை கொடுத்தது என்று படித்தபோது மனது லேசானது.

காதுச் சோதனையின் வரைபடமான என் ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். 2000-ல் 55 டெசிபல் சத்தம் வைத்தால்தான் கேட்கும், 4000-ல் 85. அதற்கு மேலே சோதனை மிஷின் எவ்வளவு சத்தம் கொடுத்தாலும் எனக்கு ஒன்றும் கேட்காது. வகுப்பில் இது எப்படி இருக்கும் தெரியுமா? பிள்ளைகள் ‘மிஸ்’ என்று கூப்பிடுவது ‘மி’ என்று வந்து நின்றுவிடும். ஆங்கிலப் பாடத்தில் ஒருமை, பன்மை நடத்தும்போது குழந்தை ‘கேட்’ என்றதா ‘கேட்ஸ்’ என்றதா என்பது வாயைப் பார்த்தால்தான் தெரியும். கடைசி பெஞ்சுக் குழந்தையின் வாய் எனக்குத் தெரியாது. அதனால் பலகைக்கு வந்து எழுதச் சொல்வேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, ‘மிஸ்ஸுக்குக் காது கேக்காது, இவங்க எப்படி இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க’ என்று என் முன்னாலேயே கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து நிறைய நேரம் அழுதேன்.

முதல் கருவியை ஒரு கடையில் வாங்கினேன். பெயர் வேண்டாம். கணினியில் ஆடியோகிராமைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார்கள், ‘இந்த மாடல்ல அந்த வசதி இருக்கு மேடம், தானா வேலை செய்யும்’ என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். ‘ஸ்’ எல்லாம் ‘ஷ்’ ஆனது. பஸ் ‘பஷ்’ ஆனது. ‘ஈ’ என்ற ஒலிகூட ஒரு மாதிரி கோணலாகக் கேட்டது. போய்ச் சொன்னால், ‘போகப்போகப் பழகிடும்’ என்றார்கள். இதில் பாதி உண்மை. இடம் மாறி வரும் ஒலியை மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆனால் அமைப்பே தப்பாக இருந்தால் எத்தனை மாதம் ஆனாலும் அது சரியாகாது.

அப்புறம் ஒரு பெண் ஆடியாலஜிஸ்டிடம் போனேன். அவர்தான் உட்காரவைத்து விளக்கினார். இந்த முறையில் கேட்காத மேல் ஒலியை, காது கேட்கும் கீழ்ப் பகுதிக்கு இறக்கிக் கொண்டுவருகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி வழி வேறு. வைடெக்ஸ் 2006-ல் கொண்டுவந்த ‘ஆடிபிலிட்டி எக்ஸ்டெண்டர்’ மேல் பகுதி ஒலியை அப்படியே கீழே இறக்கி, அங்கே இருக்கும் ஒலியோடு சேர்க்கும். ஃபோனாக் 2008-ல் கொண்டுவந்த ‘சவுண்ட்ரிகவர்’ ஒரு எல்லைக்குக் கீழே எதையும் தொடாது, அதற்கு மேலே இருப்பதை விசிறி மடக்குவதுபோல் நெருக்கி வைக்கும். ஸ்டார்க்கி, ஓட்டிகான் கருவிகளிலும் அவரவர் பாணியில் உண்டு. நெருக்கும் முறையில் இரண்டு எண்கள் முக்கியம்: எந்த அதிர்வெண்ணில் தொடங்குவது, எவ்வளவு நெருக்குவது. தேவைக்கு மேல் நெருக்கினால் ‘ஸ்’ஸும் ‘ஷ்’ஷும் ஒன்றாகிவிடும். ரொம்பக் கீழே தொடங்கினால் உயிரெழுத்தே கெடும். எனக்கு நடந்தது இரண்டும்தான்.

அவர் என் காதுக்குள் கருவியோடு ஒரு மெல்லிய குழாயை வைத்து, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்தார். இதை ‘ரியல் இயர் மெஷர்மென்ட்’ என்பார்கள். முதலில் லோயரிங்கை அணைத்துவிட்டு, சாதாரணமாகச் சத்தத்தைக் கூட்டி எதுவரை எட்ட முடிகிறது என்று பார்த்தார். எட்டாத பகுதிக்கு மட்டும் லோயரிங் வைத்தார். ‘ஸ்’ ஒலியையும் ‘ஷ்’ ஒலியையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டும் என் கேட்கும் எல்லைக்குள் வருகின்றனவா, ஒன்றின்மேல் ஒன்று விழாமல் நிற்கின்றனவா என்று திரையில் காட்டினார். கருவி அதேதான், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அமைப்பு மட்டும் மாறியது.

அடுத்த சில வாரங்கள் நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். சாக்பீஸ் கீச்சிட்டது, பாலித்தீன் கவர் சலசலத்தது, எல்லாம் தலைக்குள் குத்தியது. மெதுவாக அடங்கியது. ஒரு நாள் பலகையில் எழுதிக்கொண்டு திரும்பி நிற்கும்போது பின்னாலிருந்து ‘மிஸ்’ என்று முழுசாகக் கேட்டது. யார் கூப்பிட்டது என்று திரும்பி, அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் வாங்குங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தார் 2009-ல் வெளியிட்ட ஆய்விலேயே பலன் ஆளுக்கு ஆள் மாறியது. குழந்தைகளுக்கும், மேல் அதிர்வெண்களில் அதிக இழப்பு உள்ளவர்களுக்கும் பலன் கிடைக்க வாய்ப்பு கூடுதல். இழப்பு மிதமாக இருந்தால் நல்ல கருவியில் சத்தத்தைக் கூட்டினாலே போதும், லோயரிங் வீண். சிலருக்கு உட்காதின் ஒரு பகுதி முழுக்கச் செயலிழந்திருக்கும். அங்கே எவ்வளவு சத்தம் ஏற்றினாலும் இரைச்சல்தான் வரும். அதைக் கண்டுபிடிக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரையன் மூர் குழுவினர் 2000-ல் கொண்டுவந்த ‘டென்’ என்ற சோதனை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. இந்த வசதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தின் கடைசி ‘ஸ்’ஸைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அங்கே பன்மைக்கும் உடைமைக்கும் அது வேண்டும். நம் ‘கள்’ அப்படித் தொலைவதில்லை. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் ஒருவருக்கு இதன் லாபம், ஆங்கிலம் எடுக்கும் எனக்கோ பள்ளிக்குப் போகும் குழந்தைக்கோ கிடைக்கும் அளவு இருக்காது. ஆனால் கேஸ் கசியும் ‘ஸ்’ சத்தம், பேத்தியின் கொலுசு இவையெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் வேண்டும். அம்மா பாட்டுக் கேட்பவர் என்றால், லோயரிங் அணைக்கப்பட்ட தனி புரோகிராம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வயலினின் மேல் ஸ்வரங்கள் சுருதி விலகியதுபோல் கேட்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது? ஓடிடியில் தமிழ்ப் படம் போட்டால் திரையில் வரும் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. காது கேட்காத தமிழருக்குத் தமிழ்ப் படத்தைத் தமிழில் படிக்கக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? என் சித்திக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வசனம் புரியாமல் மற்றவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கல்விக்கான பயிற்சி வீடியோக்களிலும் இதே நிலைதான்.

சரி, பண விஷயம். லோயரிங் என்ற பெயருக்காக மேல் விலை மாடலுக்குப் போக வேண்டாம், பல கம்பெனிகளின் குறைந்த விலை மாடலிலேயே அது இருக்கிறது. பார்ப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா, ரியல் இயர் அளவு எடுப்பாரா, சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவாரா என்று கேளுங்கள். ஹியரிங் எய்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பாருங்கள். பக்கத்தில் யாரும் சரியாக அமையவில்லை என்றால், மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

வீட்டிலும் சோதிக்கலாம். கருவி போட்ட அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில், வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதை அவர் திருப்பிச் சொல்லட்டும். எதை விடுகிறார், எதை எதுவாக மாற்றுகிறார் என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டினால் ஆடியாலஜிஸ்ட் எங்கே திருத்த வேண்டும் என்று பிடித்துவிடுவார். அம்மாவின் ஆடியோகிராமில் 2000, 4000-க்கு நேரே என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.