வாசகர் கேள்வி பதில்: காட்டு விலங்குகளில் ரேபிஸைத் தேடுவது எப்படி?

கேள்வி: மாதம் ஒருமுறை புலாவ் ஊபினுக்கு மிதிவண்டி ஓட்டச் செல்பவன் நான். 1953ஆம் ஆண்டுக்குப் பிறகு சிங்கப்பூரில் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் தோன்றவில்லை என்று படித்தேன். குரங்கு, மரநாய் போன்றவற்றில் சிலவற்றைப் பிடித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால், அந்த நிலை நீடிக்கிறதா என்று எளிதில் தெரிந்துவிடாதா?
— வாசகர், ஈசூன்

பதில்: இரத்தத்தில் தெரியாது என்பதுதான் இந்த நோயின் பெரிய சிக்கல். கடிபட்ட இடத்திலிருந்து கிருமி நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அதற்குச் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகலாம். மூளையில் பெருகிய பிறகே அது உமிழ்நீருக்கு இறங்குகிறது. நோய்க்குறி தென்பட்டால் சில நாள்களில் விலங்கு இறந்துவிடும். எனவே காட்டில் ஓடியாடித் திரியும் நூறு விலங்குகளைப் பிடித்தாலும், நோய் முற்றிய ஒன்று அவற்றில் அகப்படுவது அரிது. தள்ளாடி நடக்கும் விலங்கு, மனிதரைக் கண்டு அஞ்சாமல் வாசல்வரை வரும் விலங்கு, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் விலங்கு ஆகியவையே நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. நலமான நரிகளை வேட்டையாடி, இத்தனை சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்று எண்ணிச் சோதித்துவந்த ஐரோப்பாவிலும், பின்னாளில் நோயுற்றவற்றையும் இறந்து கிடப்பவற்றையும் தேடுவதே முதன்மையாயிற்று.

சோதனைக்கு வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும். மண்டையோட்டைத் திறக்க வசதியில்லாத இடங்களில், அது கழுத்தோடு சேருமிடத்தில் உள்ள துளை வழியாக, நாம் பானம் குடிக்கப் பயன்படுத்துவது போன்ற ஓர் உறிஞ்சுகுழலைச் செலுத்தி, மூளைத்தண்டின் சிறு துண்டை எடுத்துவிடுகிறார்கள். அந்தத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருளை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கிருமி இருக்குமிடமெல்லாம் பச்சை ஆப்பிளின் நிறத்தில் புள்ளிகள் மின்னும். தலை நசுங்கியிருந்தாலோ உடல் அழுகியிருந்தாலோ இந்தச் சோதனையை நம்ப முடியாது. நம் ஊர் வெயிலில் இது சிறிய தடையன்று.

இரத்தப் பரிசோதனைக்கும் இடம் உண்டு, ஆனால் வேறொரு கேள்விக்காக. தடுப்பு மருந்து பொதிந்த இரையைக் காட்டில் போடும் நாடுகளில், விலங்குகளுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாயிற்றா என்பதை இரத்தம் சொல்லும். இரையோடு டெட்ராசைக்கிளின் மருந்தும் சேர்த்திருந்தால், அதைத் தின்ற விலங்கின் பல்லை மெல்லிய சீவலாக்கிப் பார்க்கும்போது மஞ்சள் கோடு ஒன்று ஒளிரும்.

நீங்கள் குறிப்பிட்ட 1953ஐ நான் பெருமையோடு நினைப்பவன். இருந்தாலும் தைவானை மறக்க முடியவில்லை. 1961 முதல் ரேபிஸ் இல்லாத தீவு என்று எண்ணப்பட்ட அங்கே, இறந்து கிடந்த ஃபெரட் பேட்ஜர் எனும் சிறு காட்டு விலங்குகளைச் சோதித்தபோது 2013 ஜூலையில் நோய் உறுதியானது. யாரும் அறியாமலே அது பல ஆண்டுகளாக மலைக்காடுகளில் பரவியிருந்ததை மரபணு ஆய்வுகள் காட்டின. நம் பக்கத்திலோ, மலேசியாவின் வட மாநிலங்களில் 2015இலும் சரவாக்கில் 2017இலும் நோய் தலைகாட்டியது. இல்லை என்று சொல்வதற்கும் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்வதற்கும் உள்ள இடைவெளியை அடைப்பது, இறந்த விலங்கைக் கண்டதும் தகவல் தருபவர்கள்தாம்.

கேள்வி: அப்படியானால், மண்டாய்ச் சாலையோரம் இறந்து கிடக்கும் மரநாயை நானே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம், தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, தேசியப் பூங்காக் கழகத்திடம் தெரிவியுங்கள். எந்தக் காட்டு விலங்காவது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஜோகூருக்கோ பாலிக்கோ இந்தியாவுக்கோ போன இடத்தில் நாய் கடித்திருந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.