தி ஸ்ட்ரீட்ஸின் மூன்றாவது ஆல்பம் ஏன் புகழைப் பற்றியே புலம்புகிறது?

தி ஸ்ட்ரீட்ஸ் என்றால் பெரிய இசைக்குழு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வளர்ந்த ராப் பாடகர் மைக் ஸ்கின்னர்தான் அதன் மூளையும் குரலும். 2006-இல் அவர் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் 'தி ஹார்டஸ்ட் வே டு மேக் அன் ஈஸி லிவிங்'. திடீர்ப் புகழும் பணமும் ஒரு ஆளை என்ன பாடு படுத்தும் என்பதுதான் விஷயம்: போதைப்பொருள், அதனால் வரும் பதற்றம், கண்மண் தெரியாத செலவு, ஹோட்டல் அறையை அடித்து நொறுக்குவது.

2002-இல் வந்த முதல் ஆல்பம் சாதாரண பிரிட்டிஷ் இளைஞனின் பொழுதுகளைப் பாடியது. 2004-இல் வந்த இரண்டாவது ஆல்பம், காணாமல் போன ஆயிரம் பவுண்டைச் சுற்றிய கதை. அது பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்புறம் அந்தச் சாதாரண வாழ்க்கை அவரிடம் எங்கே இருக்கிறது? தன் நாட்களையே பாட்டாக்குகிறவர் கையில் இருப்பதைத்தானே பாடுவார். பஸ் நெரிசலைப் பற்றிப் பேசிச் சிரிக்கவைத்த நண்பன், திடீரென்று புதுக் காரின் சர்வீஸ் செலவைப் பற்றி அழுதால் நாம் நெளிவோம் இல்லையா? ரசிகர்கள் பலர் அப்படித்தான் நெளிந்தார்கள். எனக்கென்னவோ அந்தச் சங்கடம்தான் இதன் சுவாரசியம். இறந்த அப்பாவை நினைத்து எழுதிய 'நெவர் வென்ட் டு சர்ச்' மட்டும் தனி ரகம்.

இது விற்காமல் போன ஆல்பம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதுவும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.