மாடியில் லெட்யூஸ்: கேட்டதும் சொன்னதும்

மதுரையிலிருந்து: மேடம், சித்திரையில் விதை போட்டேன். பத்து நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பழைய விதையைத் தள்ளிவிட்டாரா?

அவரைத் திட்ட வேண்டாம். லெட்யூஸ், அதாவது சாலட்டில் பச்சையாகப் போடும் இலை. மண்சூடு 30 டிகிரியை நெருங்கினாலே அதன் விதை உறங்கிவிடும். சித்திரை மொட்டைமாடித் தொட்டி 30 டிகிரியைவிடக் கொதிக்கும். சமவெளியில் ஐப்பசிக் கடைசி முதல் மார்கழி வரை விதையுங்கள். தை பிறந்த பிறகு போட்டால் அறுக்கிற நேரத்தில் வெயில் வந்து நிற்கும்.

விதைக்கிற வாரமும் புழுக்கமாக இருந்தால், ஈர டிஷ்யூ பேப்பரில் விதையை மடித்து, டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில் 2-3 நாள் வைத்துவிட்டு மாலையில் போடுங்கள். இன்னொன்று: இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மேலே தூவும் மண் ஒரு அரிசி மணி கனத்துக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரை ஸ்பிரேயரில் தெளியுங்கள். பூவாளி விதையை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

தொட்டி எவ்வளவு ஆழம்? என்ன கலவை?

6 அங்குல ஆழம் போதும். 12 அங்குல அகலப் பையில் 4 செடி. இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்தால் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். அதில் உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் கலந்தால் இலை ஓரம் கருகும்.

அக்கா, நாற்றெல்லாம் சாய்ந்து விழுகிறது. தண்ணீர் போதவில்லையா?

மண்ணோடு சேரும் இடத்தில் தண்டைப் பாருங்கள். அங்கே பழுப்பாகி நூல்போல் இளைத்திருந்தால் நாற்றழுகல். போதாததல்ல, தண்ணீர் அதிகம். விழுந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். தண்டு வெளுத்து நீண்டு, அடி நன்றாக இருந்தால் வெளிச்சக் குறைவு. காலை வெயில் 4-5 மணி நேரம் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

இலை கசக்கிறது. உரம் காரணமா?

வெயில்தான் காரணம். செடியின் நடுத்தண்டு உயர ஆரம்பித்துவிட்டதா? காம்பை ஒடித்தால் பால் கெட்டியாக வடிகிறதா? பூக்கப் போகிறது என்று அர்த்தம், கசப்பு அந்தப் பாலில் இருக்கிறது. (லாக்டுகா என்ற தாவரவியல் பெயரே லத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.) நுனியைக் கிள்ளினாலும் இனிப்பு திரும்பாது. ஒரே ஒரு செடியை மட்டும் விதைக்கு விடுங்கள். தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி என்பதால், ஒட்டுரகமாக இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே ரகம் வரும்.

பஞ்சகவ்யா இலையில் தெளிக்கலாமா?

கூடாது. பச்சையாகத் தின்கிற இலை இது. சாணம் கலந்த எதுவும் இலைமேல் படக் கூடாது. நன்கு மக்கிய உரத்தை வேர்ப்பக்கம் கொடுங்கள். கீரைக்குத் தெளிக்கிறோமே என்பீர்கள், கீரையை வேகவைக்கிறோம்.

நடுக்குருத்தில் பச்சை அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி). என்ன செய்வது?

இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில். பிறகு ஐந்து நாள் பறிக்காதீர்கள். வேப்ப நாற்றத்தோடு சாலட் இறங்காது.

எப்போது, எப்படிப் பறிப்பது?

விதைத்து 40-45 நாளில் வெளி இலைகளை மட்டும், விடிகாலையில். நடுவில் நாலைந்து இலையை விட்டுவைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி பறிக்கலாம்.

கோஸ் மாதிரி உருண்டையாக வரும் ஐஸ்பெர்க் போடலாமா?

வீடு ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் போடுங்கள்.