மாலியின் துவாரெக் கிளர்ச்சி: கேட்டதும் சொன்னதும்

துவாரெக் என்பவர்கள் சஹாரா பாலைவனத்தில் மந்தை மேய்த்து வாழ்ந்துவரும் மக்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் அவர்கள் செய்த கிளர்ச்சி பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். வடக்கு மாலிதான் எனக்குத் தெரிந்த இடம், அதைத் தாண்ட மாட்டேன்.

செல்வி: எம்என்எல்ஏ யார்?
அசவாத் தேசிய விடுதலை இயக்கம், துவாரெக் கிளர்ச்சிப் படை. வடக்கு மாலிக்கு அவர்கள் வைத்த பெயர் அசவாத். 2011 அக்டோபரில் உருவானது. 2012 ஜனவரி 17 அன்று மேனகா ஊரைத் தாக்கிப் போரைத் தொடங்கினார்கள். மார்ச் 22-ல் தலைநகர் பமாகோவில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் குழப்பத்தில் வடக்கு நகரங்களான கிடால், காவோ, திம்பக்டு அடுத்தடுத்து விழுந்தன. ஏப்ரல் 6-ல் தனிநாடு அறிவித்தார்கள். ஒரு நாடுகூட ஏற்கவில்லை.

அன்வர்: இவர்கள் அல்-கொய்தாதானே?
இல்லை. எம்என்எல்ஏ கேட்டது மதச்சார்பற்ற நாடு. ஷரியா கேட்டது இயாத் அக் காலி என்ற துவாரெக் தலைவரின் அன்சார் தீன் குழு. 1990 துவாரெக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் இதே இயாத்தான், அதனால்தான் குழப்பம். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து போரிட்டது உண்மை. ஆனால் 2012 ஜூன் மாதமே முஜாவோ என்ற ஜிகாதிக் குழு எம்என்எல்ஏவைக் காவோவிலிருந்து அடித்து விரட்டியது.

ரமேஷ்: எல்லாம் லிபியாவில் கடாபி வீழ்ந்ததால் வந்த வினைதானே?
பாதி சரி. எம்என்எல்ஏவின் படைத் தளபதி முகமது அக் நாஜிம் லிபிய ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். ஆட்களும் ஆயுதங்களும் அங்கிருந்து வந்தன. ஆனால் முதல் கிளர்ச்சி 1963-லேயே வெடித்து நசுக்கப்பட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வறட்சியில் மந்தைகள் செத்தன. இளைஞர்கள் அல்ஜீரியா, லிபியா என்று பிழைக்கப் போனார்கள். அவர்களுக்கு ‘இஷுமார்’ என்று பெயர், வேலையில்லாதவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1990-லும் மேனகாவைத்தான் தாக்கினார்கள். அப்போது கடாபி திரிபோலியில் சௌக்கியமாக இருந்தார்.

ரமேஷ்: அந்த 1990 ஆட்களும் லிபியாவில் பயிற்சி எடுத்தவர்கள்தானே?
ஆமாம், நல்ல பிடி. ஆனால் சமாதானம் ஆகி, 1996 மார்ச் 27-ல் திம்பக்டுவில் சுமார் 3,000 ஆயுதங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். பத்தே வருடம், 2006-ல் மறுபடி சண்டை. துப்பாக்கிதான் காரணம் என்றால் கதை அந்த நெருப்போடு முடிந்திருக்கும்.

மீனா: ஒரே இனம், ஏன் ஒன்றாக நிற்கவில்லை?
கிடால் பக்கம் இஃபோகாஸ் குலம் மேல், இம்காத் குலத்தார் அவர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது பழைய அடுக்கு. 2014-ல் இம்காத் பலர் ‘காத்தியா’ என்ற படையாகி அரசுப் பக்கம் நின்றார்கள். அவர்களின் முக்கியப் புள்ளி ஜெனரல் எல் ஹாஜ் அக் காமூ. எல்லாப் பெயரிலும் வரும் ‘அக்’, மகன் என்று பொருள். அப்புறம், வடக்கில் சொங்காய், அரபு, ஃபுலானி மக்களும் இருக்கிறார்கள். தனிநாடு வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

கோபி: அல்-கொய்தாவோடு தொடர்பு உண்டா?
அன்வருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிரியா: துவாரெக்குகளை ஏன் ‘நீல மனிதர்கள்’ என்கிறார்கள்?
அவர்களில் முகம் மூடுவது ஆண்கள். துணி பல மீட்டர். தண்ணீர் அரிது என்பதால் நீலச் சாயமான அவுரியைத் தூளாகவே துணியில் அடித்து ஏற்றுவார்கள். வியர்த்தால் கன்னம் நீலம். சுற்றுலா அட்டைகள் அதோடு நின்றுவிடும், நீங்கள் நிற்காதீர்கள்.

இளங்கோ: யுரேனியம்?
அது பக்கத்து நாடான நைஜர் விஷயம். தனியே கேளுங்கள்.

சுல்தானா: இவர்கள் ஜிகாதிகள்...
சரி, கடைசி முறை: அன்வர்!

வேலு: 2024 முடிவில் நிலைமை?
2023 நவம்பரில் மாலி ராணுவமும் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படையும் கிடாலைப் பிடித்தன. 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையருகே தின்சவாத்தேனில் கிளர்ச்சியாளர்களிடம் வாக்னர் பலத்த அடி வாங்கியது. அந்த நவம்பர் இறுதியில் கிளர்ச்சிக் குழுக்கள் தனித்தனி அமைப்புகளைக் கலைத்து ‘அசவாத் விடுதலை முன்னணி’ என ஒன்றாயின.