தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்? எங்கே கிடைக்கும்?

பள்ளி கவுன்சலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப் பணியாளர் இருவருக்குமாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் உள்ள நிலையை வைத்துச் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வகுப்பு தேவையில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டம், அதன் 2021 திருத்தம், 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 2024 மாதிரி வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல், வைத்திருக்கும் குடும்பம் அதே குழந்தையைத் தத்தெடுக்க முன்பு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்; இப்போது 2 ஆண்டு. குழந்தை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தனி. கையில் கிடைப்பது 2022-க்கு முந்தைய கையேடு என்றால் நடைமுறைப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தத்தெடுப்புக்கான கேரிங்ஸ் இணையதளத்தில் எப்படிப் பதிவேற்றுவது, எந்தப் படிவம் எங்கே என்பதிலேயே பயிற்சி நேரம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனால் எதைப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தொடர் அறிக்கை எழுத வேண்டும். மொத்தமே நான்கு. நான்கிலும் 'குழந்தை குடும்பத்தோடு நன்கு பொருந்தியுள்ளது' என்று எழுதிவிட்டுப் போனால் அந்த நான்கும் வீண்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: கீழே விழுந்து அடிபட்டால் குழந்தை யாரிடம் ஓடுகிறது? நீங்கள் உள்ளே நுழைந்ததும் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் குழந்தையைக் காட்டி, 'யார் கூப்பிட்டாலும் போவான் சார்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைப்படும் விஷயமில்லை, குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்ட இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 'இவர்தான் என் ஆள்' என்பது இன்னும் பிடிபடவில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் அப்பா அம்மா மட்டுமே செய்யட்டும். நம் வீடுகளில் இதுதான் கடினம். சேதி தெரிந்ததும் ஊரே திரண்டு பார்க்க வந்துவிடும். பெயர் சூட்டு விழாவைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு வருத்தம் வரத்தான் செய்யும்.

அடுத்தது சாப்பாடு. தலையணைக்கு அடியில் பூஞ்சை பிடித்த இட்லித் துண்டு, பள்ளிப் பையில் பிசுபிசுத்த பிஸ்கட். 'திருட்டுப் புத்தி' என்று பெற்றோர் பயந்துபோவார்கள். அது திருட்டு அல்ல, அடுத்த வேளை வருமா என்ற சந்தேகம். மூடிபோட்ட ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை, பிஸ்கட் போட்டுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். தீரத் தீர நிரப்ப வேண்டும், எண்ணிக் கேட்கக் கூடாது. பொதுவாகச் சில மாதங்களில் பதுக்கல் குறையும். ஃப்ரிட்ஜைப் பூட்டிய வீடுகளில்தான் அது வளரும்.

தூக்கத்தைத் தனியாகக் கேளுங்கள். பத்துப் பேரோடு ஒரே ஹாலில், விளக்கு எரிய எரியத் தூங்கிய பிள்ளையை, ஆசையாக அலங்கரித்த தனியறையில் இருட்டில் விட்டால் அலறத்தான் செய்யும். முதலில் பெற்றோரின் அறையிலேயே படுக்கை, ஒரு சின்ன இரவு விளக்கு. இல்லத்தில் போர்த்திய போர்வையைத் துவைக்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள். அந்த வாசனை வேலை செய்யும். கைக்குழந்தை என்றால் முதல் இரண்டு வாரம் அதே பால் பவுடர், அதே பாட்டில் நிப்பிள்.

இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு பக்கத் தாள் போதும்: எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கும், என்ன செல்லப் பெயர், எதற்குப் பயம், எந்த ஆயாவோடு ஒட்டுதல். குழந்தை ஆய்வறிக்கையில் இந்த அளவுக்கு விவரம் பெரும்பாலும் இருக்காது. கண்காணிப்பாளரிடம் கேட்டும் பயனில்லை, ஆயாவிடம் கேளுங்கள். பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் வயது வந்துவிட்ட குழந்தைக்கு ஒரே நாளில் புதுப் பெயர் வைப்பதையும் தடுங்கள். வேண்டுமானால் பழைய பெயரோடு சேர்த்து அழைத்துப் பழக்கலாம்.

மருத்துவ அறிக்கையில் மூன்று இடத்தில் தடுமாறுவார்கள். கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் பிறந்த தேதி ஒரு மதிப்பீடுதான். 'வயசுக்கேத்த வளர்ச்சி இல்லை' என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்ப கால இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது, 18 மாதத்துக்குக் கீழ் எச்ஐவி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், குழந்தைக்குத் தொற்றே இல்லாமல் அந்த ஆன்டிபாடி மட்டும் தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனைதான் முடிவு சொல்லும். இது தெரியாமல் வேண்டாம் என்று சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு. மூன்றாவது, சத்துக்குறைவிலிருந்து வேகமாகத் தேறும் பெண் குழந்தைகளில் சிலர் சீக்கிரம் பருவமடைகிறார்கள். 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தெரிந்தால் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிக்காரர்களுக்கு. தத்துப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தத்தெடுத்தவர்களின் பெயர்தான் பெற்றோராக இருக்கும். சேர்க்கைக்கு அதுவே போதும், தத்து ஆணையைக் கேட்க வேண்டியதில்லை. பெற்றோர் தாமாகச் சொன்னால் அது வகுப்பாசிரியர், கவுன்சலர் இருவரோடு நிற்கட்டும். 'கைக்குழந்தையாக இருந்த போட்டோ ஒட்டி வா', 'குடும்ப மரம் வரைந்து வா' மாதிரி வீட்டுப்பாடங்களை எல்லோருக்குமே மாற்றுங்கள்: 'உனக்குப் பிடித்த ஒரு போட்டோ', 'உன்னைப் பார்த்துக்கொள்பவர்கள்'. ஒரு பிள்ளைக்கு மட்டும் விலக்கு தந்தால் மறுநாளே வகுப்புக்கே தெரிந்துவிடும்.

வளர்ப்புப் பராமரிப்பு வேறு கதை. அங்கே பராமரிப்பவர் சட்டப்படி பெற்றோர் அல்ல. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைதான் ஆதாரம். அதன் நகல் பள்ளியிலும் வீட்டிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து யார் போடுவது என்று ராத்திரியில் ஓட வேண்டிவரும். பெற்ற தாய் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு நாள் பிள்ளை அழும், படுக்கையை நனைக்கும். 'இனி அவங்களை வரவேண்டாம்னு சொல்லுங்க' என்று பராமரிப்பவர் கேட்பார். அந்த அழுகை மட்டுமே சந்திப்பை நிறுத்தக் காரணமாகாது. சந்திப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினால் பள்ளிக்கு முன் தேற ஒன்றரை நாள் கிடைக்கும்.

தத்து என்பதைக் குழந்தையிடம் எப்போது சொல்வது என்றும் கட்டாயம் கேட்பார்கள். பள்ளியில் சேர்வதற்கு முன்பே சாதாரணப் பேச்சில் அந்த வார்த்தை வந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கல்யாண வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஏழெட்டு வயதில் திரும்பவும் பேச வேண்டிவரும். 'அப்படியென்றால் யாரோ என்னை விட்டுவிட்டார்களே' என்று புரியத் தொடங்கும் வயது அது. 'உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம்' என்று சொல்லவே சொல்லாதீர்கள். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் வரிசைப்படிதான் குழந்தையின் விவரம் பெற்றோருக்கு வருகிறது, வளர்ந்த பிள்ளை அதைத் தேடிப் படித்துவிடும்.

பயிற்சி எங்கே என்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சம்வாத் பிரிவைத்தான் முதலில் சொல்வேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளோடு பேசும் முறை, விளையாட்டு வழி அணுகுமுறை, கதை அட்டைகள் என நம் நிறுவனச் சூழலை அறிந்து எழுதப்பட்டவை, அவர்கள் தளத்தில் இலவசம். அமெரிக்காவின் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் உருவாக்கிய, நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட டிபிஆர்ஐ பயிற்சியும் நல்லதுதான், ஆனால் கூட்டுக் குடும்பம், மாமியார், அக்கம்பக்கம் எதுவும் அதன் கணக்கில் இல்லை. அவசர ஆபத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரே உடைந்துபோயிருந்தால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416.

ஃபைல் எழுதும்போது இன்னொன்று. 18 வயது முடிந்தவர் தன் வேர்களைத் தேடத் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் என்றால் பெற்றோரோடு சேர்ந்து. மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. பெற்ற தாய் தன் அடையாளத்தை மறைக்கக் கேட்டிருந்தால் அவர் சம்மதமின்றித் தரக் கூடாது. ஆனால் எந்த ஊரில், எந்த நேரத்தில், என்ன துணி சுற்றியிருந்தது, யார் தூக்கி வந்தார்கள் என்ற விவரம் அன்றைக்கே எழுதினால்தான் உண்டு. 'முறையற்ற உறவில் பிறந்தது' போன்ற வரிகளை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்.