ஊர்வன வளர்ப்பு கேள்வி-பதில்: குளத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இனத்தின் பெயரே இல்லை. "எங்கள் வீட்டு ஆமை", "பச்சையாக ஒரு பல்லி" என்று எழுதினால் நான் ஜோசியமா பார்க்க முடியும்? இனம், வயது, எடை, தொட்டியின் சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரி. இவ்வளவும் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். இல்லாத கடிதங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டேன்.

என் பால் பைத்தான் இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

கூடவே கூடாது. பால் பைத்தான் ஒரு சின்ன மலைப்பாம்பு வகை. வளர்ந்தது மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சாதாரணம். (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்.) வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்கிறதா, உடம்பு இடிக்கிற அளவுக்கு நெருக்கமான மறைவிடம் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், தினமும் வெளியே எடுத்துப் படம் பிடிக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் அதைச் சும்மா விட்டுப் பாருங்கள்.

நான் அறைக்குள் வந்தாலே என் பியர்டட் டிராகன் பல்லி கண்ணாடியருகே ஓடி வருகிறது. அதற்கு என்மேல் பாசம்தானே?

சாப்பாடு கொண்டுவரும் ஆள் என்று தெரிந்துவைத்திருக்கிறது, ஆபத்தில்லாத ஆள் என்றும் பழகியிருக்கிறது. பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் நாய் வளர்க்கலாம்.

ஜன்னலோரம் தொட்டியை வைத்து வெயில் காட்டுகிறேன். யூவிபி பல்பும் இரண்டு வருடமாக நன்றாக எரிகிறது. ஆனாலும் இகுவானாவின் தாடை ரப்பர்போல வளைகிறது.

உடம்பில் கால்சியம் சேர இகுவானாவுக்கு யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும். உங்கள் இகுவானாவுக்குக் கிடைத்தது வெளிச்சமும் சூடும் மட்டும்தான். கண்ணாடித் தொட்டியில் நேர் வெயில் விழுந்தால் அது வெந்தும் போகும், அது தனிக்கதை. பல்பு எரிவதும் யூவிபி வருவதும் வேறு வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே இருக்கும், யூவிபி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். மாட்டிய தேதியைப் பல்பின் அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று! தாடை வளைவது எலும்பிலிருந்து கால்சியம் கரைந்துபோயிருக்கிறது என்பதற்கு அடையாளம். கால்சியம் தூள் தூவினால் மட்டும் இனிப் போதாது. இன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடையில் ஓர் ஆமைக்குஞ்சு கண் வீங்கிப் பரிதாபமாகக் கிடந்தது. காப்பாற்றலாம் என்று வாங்கிவந்தேன். செய்தது சரிதானே?

மனசு நல்ல மனசுதான். கடைக்காரருக்கு அது இன்னொரு விற்பனை. காலியான இடத்துக்கு அடுத்த குஞ்சு வந்திருக்கும். அடுத்த முறை புகார் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

நாணயம் அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை, எட்டு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. தண்ணீர் நாறுகிறது. பக்கத்தில் பெரிய குளம் இருக்கிறது. அங்கே விட்டால் அதற்குச் சுதந்திரம், எங்களுக்கும் நிம்மதி. விடலாமா?

விடக்கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் "சுதந்திரம்" என்ற சொல் தவறாமல் இருக்கும். யாருக்குச் சுதந்திரம்? தொட்டி கழுவும் வேலையிலிருந்து உங்களுக்கு!

இந்த ஆமையின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வேறெந்தக் குளத்துக்கும் அது அந்நியம். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆமைகளோடு சாப்பாட்டுக்கும் போட்டி போடும், வெயில் காய ஏறி உட்காரும் கட்டைக்கும் போட்டி போடும். பெரும்பாலும் ஜெயிக்கும். தொட்டியில் பிடித்த நோயையும் கூடவே கொண்டுபோகும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிபுணர்கள் போட்ட பட்டியலில் இதுவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. உடனே வியாபாரிகள் அடுத்த வகை ஆமைக்கு மாறிக்கொண்டார்கள்.

"ஒன்றே ஒன்று விட்டால் என்ன ஆகிவிடும்?" என்றும் கேட்கிறார்கள். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகியது வளர்ப்பு வியாபாரத்திலிருந்து தப்பியும் விடப்பட்டும்தான். அவற்றுக்கு இரையாகும் ரக்கூன் என்ற சிறு விலங்குகள் அங்கே கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பாம்புகளை விட்டவர்களும் ஆளுக்கு ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள்.

ஒருநாள் காலையில் என் வாசலில் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. உள்ளே இதே இன ஆமை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன, ஓடு மெத்தென்று இருந்தது. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்திருக்கிறார்கள். பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. கோபம் வந்தது உண்மை. ஆனாலும் அந்த ஆள் குளத்தைத் தேடிப் போகாமல் ஒரு வாசலைத் தேடி வந்தாரே என்று பிறகு தோன்றியது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். பெரிய தொட்டி, பலமான ஃபில்டர், சாப்பாடு போட மட்டும் தனி வாளி. நாற்றம் பெருமளவு அடங்கிவிடும். முடியவே இல்லையென்றால் அனுபவமுள்ள வளர்ப்பாளர், மீட்பு மையம், வனவிலங்கு அலுவலகம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள். இன்னும் 20 வருடமாவது வாழக்கூடிய உயிர், அதனால் கிடைக்கிற முதல் ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். எல்லாக் கதவும் மூடிவிட்டால், மருத்துவர் கையால் வலியில்லாமல் முடித்துவைப்பதுகூடக் குளத்தைவிட நேர்மையானது. இதற்குத் திட்டி எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் ஃப்ரீசரில் வைப்பது கூடாது. குளிரில் நிம்மதியாகத் தூங்கிவிடும் என்பதெல்லாம் நம்மைச் சமாதானப்படுத்த நாம் சொல்லிக்கொள்வது.

ஸ்பைடர் வகை பால் பைத்தான் வைத்திருக்கிறேன். தலையை ஆட்டி ஆட்டி ஆடுகிறது, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. குஞ்சு எடுக்கலாமா?

அது ஆட்டமில்லை, நரம்புக் கோளாறு. எந்த மரபணு ஸ்பைடர் வகையின் தோலில் உள்ள சிலந்திவலை போன்ற கோலத்தைத் தருகிறதோ அதுவே இந்தத் தள்ளாட்டத்தையும் தருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது. இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு எடுக்காதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தை வந்திருக்கிறது. ஆமையை வைத்துக்கொள்ளலாமா?

ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது வயிற்றோடு நிற்காமல் ரத்தத்துக்கும் போகலாம். பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள் என்பதால்தான் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975ல் தடை போட்டது. குழந்தை வளரும்வரை நம்பகமான ஒருவர் பொறுப்பில் விட முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் ஆமை வேறு அறையில் இருக்கட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. தொட்டால் கை கழுவுங்கள். தொடாவிட்டாலும் கழுவுங்கள்.

எனக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு லெப்பர்ட் கெக்கோ பல்லி கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தம்பி, வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கிறாயே, இந்த மாதம் இப்படிக் கேட்டது நீ மட்டும்தான். அது 15 வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம்கூட இருக்கும். நீ கல்லூரிக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்பா அம்மாவிடம் இப்போதே கேள். அதன் சாப்பாட்டுக்கு உயிருள்ள பூச்சியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்றும் கேள், அநேகமாக அங்கேதான் பேச்சு முறியும். வளர்ப்பில் பொரித்த குஞ்சாகப் பார்த்து, எப்போது பொரித்தது, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டு வாங்கு. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதே. தொட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரு வாரம் ஓடவிட்டு, சூடு நிலையாக நின்ற பிறகுதான் குஞ்சு வீட்டுக்கு வர வேண்டும்.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பாம்பின் முதுகில் கடித்த காயம். மஞ்சள் தடவலாமா?

பசியில்லாத பாம்போடு இரவெல்லாம் அடைபட்ட எலி பாம்பைக் கடிக்கத்தான் செய்யும். உறைந்த எலியை உருக்கிக் கொடுக்கப் பழக்கியிருந்தால் பாம்புக்கும் காயமில்லை, எலிக்கும் அந்த ராத்திரி இல்லை. மஞ்சள் வேண்டாம், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். உங்கள் கடிதம் என் கைக்கு வரவே ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. இதற்குள் மருத்துவரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காட்டியிருந்தால் ஒரு வரி எழுதிப்போடுங்கள்.