வாசகர் கேள்வி பதில்: பேல் ஏலில் பம்பளிமாஸ் மணம் எங்கிருந்து வருகிறது?

கலிஃபோர்னியாவின் சிறு பீர் ஆலைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலான பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரைப் பற்றியவையே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: அலுவலக விருந்து ஒன்றில் சியரா நெவாடா பேல் ஏல் கொடுத்தார்கள். முதல் மிடறே வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் இருந்தது. உடனிருந்தவர்களோ அதன் மணத்தைப் புகழ்ந்து ஓயவில்லை. இதில் ரசிக்க என்னதான் இருக்கிறது? (வாசகர், சான் ஹோசே)

பதில்: பனிக்கட்டித் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு, பாட்டிலிலிருந்தே நேராகக் குடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். அப்படியானால் குறை தங்கள் நாவில் இல்லை. இந்த பீரின் சிறப்பில் பெரும்பகுதி மூக்குக்கு உரியது. பாட்டிலின் குறுகிய வாய் மணத்தை மூக்குவரை வர விடாது, கடுங்குளிரோ அதை எழவே விடாது, ஆகவே மிஞ்சுவது கசப்பு மட்டுந்தான். ஆறிப்போன ரசத்தைக் குடித்துவிட்டுப் பெருங்காயம் போதவில்லை என்று சொல்வது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயந்தான் இதுவும்.

அடுத்த முறை, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்திருந்து, ஏறத்தாழ 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்தபின், சோப்பு வாடை துளியும் இல்லாத கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரற்கடை நுரை எழச் செய்யுங்கள். நல்லெண்ணெயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாற்போன்ற நிறம் தெரியும். அடியில் படிந்த ஈஸ்ட் கலந்து சிறிது கலங்கலாக இருந்தால் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். இது பாட்டிலுக்குள்ளேயே மறுபடியும் நொதித்து வாயு ஏறும் பீர். குடிப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறும்போது தெறிக்கும் வாசனையும், அதன் பின்னால் பைன் மரப் பிசினும், கொஞ்சம் பூவாசமும் வரும். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், இனிப்பு. ரொட்டியின் சிவந்த மேலோட்டைக் கடித்ததுபோல் இருக்கும். கசப்பு அதற்குப் பிறகுதான் வந்து அடிநாக்கில் நின்று, இனிப்பைத் துடைத்துவிட்டு, அடுத்த மிடறுக்கு வாயைத் தயாராக்குகிறது. பாகற்காய்ப் பிட்லையில் வெல்லமும் பருப்பும் கசப்பைப் போக்கிவிடுவதில்லை, அடக்கி நிறுத்துகின்றன. இங்கே அந்த வேலையை மால்ட் செய்கிறது. இவ்வளவுக்கும் பிறகு பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடித்தாக வேண்டும் என்று கட்டாயமா என்ன?

கேள்வி: பழச்சாறோ எசென்ஸோ சேர்க்காமல் அந்த நாரத்தை, பம்பளிமாஸ் மணம் எப்படி வரும்? நம்ப முடியவில்லையே. (வாசகி, ஃப்ரீமான்ட்)

பதில்: நம்பலாம். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் ஆகிய நான்கைத் தவிர அதில் வேறொன்றும் தேவையில்லை. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூக்கள். கஞ்சாச் செடியும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், போதைப் பொருள் ஹாப்ஸில் கிடையாது. பச்சைநிறக் கூம்பு போன்ற அந்தப் பூவைப் பிளந்தால் இதழ்களின் அடியில் மகரந்தம் போல மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். கசப்புக்கான பிசினும் மணத்துக்கான எண்ணெயும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன.

இரண்டையும் பிரித்து வாங்குவதுதான் பீர் காய்ச்சுபவரின் கைத்திறன். பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் ஒரு மணி நேரம்போலக் கொதித்தால்தான் உருமாறிக் கரைந்து கசப்பைத் தரும். எண்ணெயோ அதற்குள் ஆவியோடு போய்விடும். ஆகவே கொதியின் தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்புக்கு, இறக்கும் தறுவாயில் போடுவது மணத்துக்கு. மிளகை முதலிலேயே ரசத்தில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லித் தழையை இறக்கியபின் தூவுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாப்ஸ் எண்ணெயில் உள்ள லினலூல் என்ற பொருளே தனியாவின் வாசனைக்கும் முதற்காரணம். அதே எண்ணெயில் உள்ள மிர்சீன் என்ற மற்றொரு பொருள் எலுமிச்சைப்புல்லிலும் மாம்பழத்திலும் உண்டு.

தாங்கள் குறிப்பிட்ட மணம் குறிப்பாகக் காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகைக்கு உரியது. இங்கிலாந்தின் ஃபக்கிள் வகையையும் ரஷ்யாவின் செரெப்ரியாங்கா வகையையும் மூதாதையாகக் கொண்டு அமெரிக்க வேளாண் துறையினர் ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கி, 1972இல் வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் தன் லிபர்ட்டி ஏலில் அதைப் பயன்படுத்தியது. சிக்கோ நகரில் கென் கிராஸ்மனும் பால் கமூசியும் 1980இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா, அந்த மணத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. பால் பண்ணைகளின் பழைய பாத்திரங்களை வாங்கி ஒட்டவைத்துக் கட்டிய ஆலை அது. ஒரே சீராக வரவில்லை என்று முதலில் காய்ச்சிய பேல் ஏலில் பல ஈடுகளைச் சாக்கடையில் ஊற்றினார்கள். கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்களுக்கு அது எளிதான காரியமாக இருந்திருக்காது.

கேள்வி: கசப்பு கூடக்கூடப் போதையும் கூடும் என்கிறார் என் மைத்துனர். உண்மையா? (வாசகர், சாக்ரமென்டோ)

பதில்: இல்லை. கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது. ஆல்கஹால், மால்ட்டின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று உண்டாக்குவது. மேற்சொன்ன பேல் ஏலின் கசப்பு 38 அலகு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கசப்பு அமிலத்தை ஓர் அலகு என்று ஏறத்தாழக் கொள்ளலாம். அதன் ஆல்கஹால் 5.6 விழுக்காடு, அதாவது 355 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் 20 மில்லிலிட்டர். ஒரு பானம் என்று அமெரிக்காவில் கணக்கிடும் நிலையளவைவிட இது சற்று அதிகம். குடித்தால் காரை மைத்துனரிடமும் கொடுக்காதீர்கள், தாங்களும் எடுக்காதீர்கள்.

கேள்வி: மிகவும் பிடித்துப்போய், ஒரு கடையில் தள்ளுபடியில் ஒரு பெட்டி வாங்கினேன். மணமே இல்லை, ஈரமான அட்டைப்பெட்டி போல ஒரு வாடை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், பேக்கர்ஸ்ஃபீல்ட்)

பதில்: ஏமாற்றவில்லை, நாள்பட்டதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஹாப்ஸ் மணம் மல்லிகைச் சரத்தைப் போன்றது, வைத்திருக்க வைத்திருக்க வாடும். உயிர்வாயு பட்டால் அட்டை வாடை, வெப்பத்தில் இருந்தால் அது இன்னும் விரைவில். வெயில் பட்டால் வேறொரு கேடு: ஒளி கசப்பு அமிலங்களை உடைத்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தையொத்த கந்தகச் சேர்மத்தை உண்டாக்கிவிடும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெரிதும் தடுக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. தள்ளுபடியைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலில் தேதியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் அடைத்ததாக, குளிர்பெட்டியில் இருந்ததாக வாங்குங்கள். வாங்கினால் பதுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: 'இந்தியா பேல் ஏல்' கப்பலில் கெடாமல் இருக்க நம் நாட்டுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டதாமே? (வாசகி, சென்னை)

பதில்: கதை அழகானது, முழு உண்மையல்ல. ஹாப்ஸ் மிகுதியாக இட்டு நாள்பட வைக்கும் வெளிர்நிற பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்திலிருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கு அதைக் கடனுக்குக் கொடுத்தது; மாதக்கணக்கான கடற்பயணத்தில் அது கெடாமல் வந்து சேர்ந்தது, வியாபாரம் பெருகியது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகர ஆலைக்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் இருந்த ஜிப்சம் ஹாப்ஸ் கசப்பை எடுப்பாகக் காட்டியது. 'நம் நாட்டுக்கென்று' என்பதையும் திருத்த வேண்டும். குடித்தவர்கள் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள்.

கேள்வி: தொட்டுக்கொள்ள என்ன? (வாசகர், சான் டியேகோ)

பதில்: மிளகாய்க் காரம் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கசப்பும் வாயுவும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டிவிடும், பிறகு மணம் தெரியாது. செடார் பாலாடைக்கட்டி, உப்பு வேர்க்கடலை, உப்பும் மிளகும் மட்டும் தடவிப் பொரித்த நெத்திலி இவையெல்லாம் பொருந்தும். எலுமிச்சம்பழத்தை மட்டும் மீனிலேயே பிழிந்துகொள்ளுங்கள், குவளையில் வேண்டாம்.